எது உறுத்துகிறதோ, அங்கே நின்று பாருங்கள்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பில் 'விழுமியம்' என்றொரு சொல் இருக்கிறது. மேடையில் சொல்லக் கம்பீரமான சொல். ஆனால் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ யாரும் அப்படிச் சொல்வதில்லை. "என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள்" என்கிறோம் இல்லையா? அந்த 'அது' எதுவோ, அதற்குப் பின்னால் நாம் பெரிதாக மதிக்கும் ஒன்று இருக்கிறது. அதுதான் விழுமியம். அதற்கும் வேலையில் கிடைக்கும் நிறைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் முதல் வேலையிலிருந்து தொடங்குகிறேன். வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவு. சம்பளத்தில் குறையில்லை. மேலாளர் அதட்டிப் பேசாதவர். சாயங்காலம் நேரத்துக்குக் கிளம்பிவிடலாம். ஒரே ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. எந்தப் புகார் வந்தாலும் 'பரிசீலித்து வருகிறோம்' என்று எழுதி அனுப்ப வேண்டும். உண்மையில் யாரும் எதையும் பரிசீலிக்கவில்லை. சில மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தாலே வயிற்றைப் பிசையத் தொடங்கியது. சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். விடுப்பு எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்து முதல் கடிதத்தைப் பிரித்ததும் அதே பிசைவு.

பக்கத்து மேசையில் என்னைவிட மூத்தவர் ஒருவர். அதே வேலை, அதே கடிதம், அதே வாசகம். அவர் நிம்மதியாக இருந்தார். இவருக்கு மனசாட்சியே இல்லையோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று புரிய நெடுநாள் ஆனது. நோயாளியான அம்மாவை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த வேலை அவருக்கு அதைக் கொடுத்தது. அவர் மனதில் முதலிடம் அதற்கு. என் மனதில் முதலிடம் வேறொன்றுக்கு.

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 20 நாடுகளில் திரட்டிய தரவுகளை வைத்து 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனிதர்களின் அடிப்படை விழுமியங்களை 10 வகையாக அவர் பிரித்தார். பாதுகாப்பு, சுதந்திரமாக முடிவெடுத்தல், சாதனை, அதிகாரம், நெருங்கியவர்களின் நலம், எல்லோருக்கும் நியாயம் என்று போகும் அந்தப் பட்டியல். எனக்குப் பிடித்தது, அவற்றை அவர் ஒரு வட்டத்தில் அடுக்கியதுதான். பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். இந்தப் பத்தும் எல்லோரிடமும் உண்டு. எது முன்னே, எது பின்னே என்ற வரிசைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 'அவனுக்குக் கொள்கையே இல்லை' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அவன் வரிசை நம் வரிசை இல்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

சரி, நல்ல சம்பளம் கிடைத்தால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடாதா? பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-இல் ஒரு விடை சொன்னார். சம்பளம், விதிமுறைகள், மேற்பார்வை ஆகியவை மோசமாக இருந்தால் மனம் கசக்கும்; ஆனால் அவை நன்றாக இருப்பதால் மட்டும் நிறைவு வந்துவிடாது. அது வேலையின் உள்ளிருந்து வர வேண்டும். அவர் ஆய்வு நடத்திய முறையைப் பின்னால் வந்தவர்கள் குறைசொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. சம்பளம் போதாதவரிடம் போய் இதைச் சொல்வதும் முறையல்ல. ஆனாலும் குறை இல்லாமல் இருப்பதும் நிறைவாக இருப்பதும் ஒன்றல்ல என்ற அந்த வேறுபாட்டை நான் அனுபவித்தே அறிவேன்.

அப்புறம், களைப்பு. வேலைக்களைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக். அவரும் மைக்கேல் லைட்டரும் மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தம் குலையக்கூடிய இடங்களாக ஆறைச் சொல்கிறார்கள். பணிச்சுமை அவற்றில் ஒன்று மட்டும்தான். விழுமியம் இன்னொன்று. சுமையால் வந்த களைப்புக்கு ஓய்வு மருந்து. தான் மதிக்காத ஒன்றைத் தினமும் செய்வதால் வரும் களைப்பு, நான் பார்த்தவரை, தூங்கி எழுந்தாலும் போவதில்லை. நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, இரண்டுக்கும் விடுமுறையையே சிபாரிசு செய்கிறோம்.

செவிலியர்களைப் பற்றி ஆண்ட்ரூ ஜேமிடன் என்ற அறவியல் அறிஞர் 1984-இல் எழுதியதை இங்கே சொல்ல வேண்டும். எது சரி என்று செவிலியருக்குத் தெரியும். ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்ய விடுவதில்லை. அதனால் வரும் வேதனைக்கு 'அறத் துயரம்' என்ற பொருளில் அவர் பெயர் வைத்தார். பெயர் வைத்தது சாதாரணக் காரியமில்லை. அதுவரை இப்படித் தவித்தவரைப் பார்த்து, 'உனக்கு மனவுறுதி போதவில்லை' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மனம் திடமாக இருப்பதால்தானே அந்த வேதனையே வருகிறது! நோயாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் தராத ஒரு பணிமுறையில், அவசரமாக அடுத்த கட்டிலுக்குப் போகிறவர் எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வேலையை விடுவது ஒன்றுதான் வழியா? இல்லை. எல்லோராலும் விடவும் முடியாது. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிப் பார்த்த ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் ஒன்றை எழுதினார்கள். சிலர் சொன்ன வேலையை மட்டும் செய்தார்கள். வேறு சிலர் நோயாளியிடம் நின்று பேசினார்கள், பார்க்க வந்தவருக்கு உதவினார்கள், குணமாவதில் தமக்கும் பங்கு உண்டு என்று கருதினார்கள். இவற்றை யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. தாங்கள் மதிக்கும் ஒன்றுக்கு வேலைக்குள்ளேயே கொஞ்சம் இடம் செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டு மகிழும் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. விலங்குக் காட்சியகப் பராமரிப்பாளர்களைப் பற்றி பண்டர்சனும் தாம்ப்சனும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இதன் மறுபக்கத்தைக் காட்டியது. இது தமக்கென்றே அமைந்த பணி என்று நம்பியவர்களுக்கு நிறைவு இருந்தது. ஆனால் அவர்களே சம்பளத்தையும் வசதியையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். சுரண்டலுக்கும் எளிதில் ஆளாகக்கூடியவர்களாக இருந்தார்கள். ஒருவர் தன் பணியை நேசிக்கிறார் என்பது அவருக்குக் குறைவாகக் கொடுக்கக் காரணமாகக் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

உங்கள் வரிசை என்ன என்று கண்டுபிடிக்க, 'என் விழுமியங்கள் யாவை' என்று தாளை எடுத்து உட்காராதீர்கள். நேர்மை, உழைப்பு, அன்பு என்று நல்ல சொற்களாக எழுதி எழுந்துவிடுவோம். அதற்குப் பதில் இரண்டு வாரம், வேலையில் எந்தக் கணம் உறுத்தியது, எப்போது நேரம் போனதே தெரியவில்லை என்று மட்டும் குறித்து வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். என் உறுத்தல்கள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றுதான்: என் பெயரில் பொய் போகிறது. மேலாளரிடம் சொல்லி, புகாரை நேரில் போய்த் தீர்க்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். அலைச்சல் கூடியது, வீடு திரும்ப இருட்டியது. வயிற்றுப் பிசைவு மட்டும் நின்றுவிட்டது.

பக்கத்து மேசைக்காரர் அங்கேயே இருந்தார், அங்கிருந்தே ஓய்வு பெற்றார். அன்று போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் இங்கேயே இருந்துவிட்டீர்களே, அண்ணா" என்றேன். "அம்மா இருந்தவரை சாயங்கால மருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை, தம்பி" என்றார்.