ஏடிஆர் விபத்துகள்: பிளேடு கோணம் மாறினா என்ன ஆகும்?

வணக்கம்ங்க. பின்னாடி தெரியறது சேர்வராயன் மலை, இந்தப் பக்கம் நம்ம சேலம் காமலாபுரம் ஏர்போர்ட். இங்க வந்து போற ஏடிஆர் 72 ப்ரொபெல்லர் விமானத்துல ரெண்டு இன்ஜின், ஒவ்வொண்ணோட ப்ரொபெல்லருக்கும் ஆறு பிளேடு. இதே ரக விமானத்தோட மூணு விபத்தைப் பத்திப் பேசப்போறேன். மூணுலயும் பிளேடோட கோணத்துக்குப் பங்கு இருக்கு.

ஏற்காடு பஸ் ஜன்னல்ல கையை விரிச்சு நீட்டினா காத்து பின்னாடி தள்ளும். அதே கையைப் படுக்க வச்சா சும்மா கிழிச்சுட்டுப் போகும். பிளேடை அந்த ரெண்டாவது நிலையில வைக்கிறதுதான் ஃபெதர். நின்னுபோன இன்ஜினுக்கு இது உயிர்காக்கும். ஓடுற இன்ஜினுக்கு வச்சா விமானத்தை முன்னாடி இழுக்கிற விசையே இருக்காது.

2023 ஜனவரி 15, நேபாளம், பொக்காரா. எட்டி ஏர்லைன்ஸ் 691 இறங்க வருது. ஓட்டுறவங்க ஃபிளாப்பை, அதாவது இறக்கையோட பின்பக்க மடிப்பை, 30 டிகிரிக்கு இறக்கச் சொன்னாங்க. பக்கத்துல இருந்த கேப்டன் ஃபிளாப் லீவரை விட்டுட்டு, அதை ஒட்டி இருக்கிற, ப்ரொபெல்லரைக் கட்டுப்படுத்துற கண்டிஷன் லீவர் ரெண்டையும் ஃபெதருக்கு இழுத்துட்டாரு. அந்த நேரத்துல ஃபிளாப் 15-லயே நிக்குது. இன்ஜின் ரெண்டும் ஓடுது, ப்ரொபெல்லருக்குப் போற டார்க், அதாவது திருப்பு விசை, மட்டும் பூஜ்யம். பவர் லீவரை முன்னாடி தள்ளியும் பலன் இல்ல. பவர் வரலைன்னு ஓட்டுறவங்க ரெண்டு தடவை சொல்லியும் அந்த லீவரை யாரும் பாக்கல. சுமார் ஒரு நிமிஷம்தான். 72 பேரும் போயிட்டாங்க. நம்ம நாட்டுக்காரங்க அஞ்சு பேரு அதுல.

2015 பிப்ரவரி 4, தைபே, டிரான்ஸ்ஏசியா 235. மேல ஏறும்போதே வலது இன்ஜின் தானா ஃபெதர் ஆயிருச்சு. பிளேடைத் தானா ஃபெதர் பண்ற ஆட்டோ ஃபெதர் யூனிட்ல சோல்டரிங் விரிசல். ஒரே இன்ஜின்ல ஏற ஏடிஆரால முடியும். ஆனா பைலட் நல்லா ஓடிட்டிருந்த இடது இன்ஜினை அணைச்சுட்டாரு. 58 பேர்ல 43 பேர் இறந்தாங்க.

2005 ஆகஸ்ட் 6, துனிசியாவோட துனின்டர் 1153. இது மெக்கானிக் வேலை பாக்குறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். ஏடிஆர் 72-ல, அதைவிடச் சின்ன விமானமான ஏடிஆர் 42-ஓட எரிபொருள் மீட்டரை மாட்டிட்டாங்க. அதே துளை, அதே கனெக்டர், கச்சிதமா உக்காந்துருது. ஆனா டேங்க் வேற, அதனால சுமார் 1800 கிலோ கூடுதலா காட்டுது. கடலுக்கு மேல ரெண்டு இன்ஜினும் நின்னுச்சு. பைலட்டுங்க திரும்ப ஸ்டார்ட் பண்ணவே போராடினாங்க, ப்ரொபெல்லரை ஃபெதர் பண்ணல. பண்ணியிருந்தா இன்னும் கொஞ்ச தூரம் மிதந்திருக்கும். இத்தாலியில பலெர்மோ பக்கம் கடல்ல இறங்கி 39 பேர்ல 16 பேர் இறந்தாங்க.

காக்பிட்ல இதுக்கு முறை இருக்கு. ஒருத்தர் லீவர்ல கை வைக்கணும், எந்தப் பக்கம்னு வாய்விட்டுச் சொல்லணும். அடுத்தவர் கண்ணால பாத்து உறுதி பண்ணணும். அப்புறம்தான் நகர்த்தணும். பார்ட் மாத்தினா நம்பரைக் கேட்டலாக்ல ஒப்பிடணும், ஊத்தின அளவையும் மீட்டர் காட்டுறதையும் கணக்குப் போட்டுப் பாக்கணும்.

அடுத்த தடவை காமலாபுரத்துல ஏறும்போது, நிக்குற விமானத்தோட பிளேடை முன்னாடி இருந்து பாருங்க. மெல்லிசான விளிம்பு உங்களைப் பாத்து நிக்கும். அதுதான் ஃபெதர்.