மணலில் எழுத்துப் பழக்கும் முறைக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

அடுத்த கேள்வி ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை அனுப்பியது. "எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் 20 வருடமாகப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் ஈர மணலில் எழுத்துப் பழக்கினார். அந்த முறைக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். அதற்கு விக்கிப்பீடியாவில் தனிக்கட்டுரை போடலாமா அண்ணா? போட்டால் நிற்குமா?" தன்னிடம் இருக்கிற தாள்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

முறை நல்ல முறைதான் தங்கச்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பாம்பனில் வளர்ந்தவன். அப்பத்தா எனக்கு எழுத்துக் காட்டியது வாசலில் கிடந்த காய்ந்த மணலில். ண எழுதினால் கடைசிச் சுழி முடிவதற்குள் முதல் சுழி சரிந்து மூடிக்கொள்ளும், பார்த்தால் ன மாதிரி இருக்கும். அலை வந்து போன மணலில் அப்படி ஆகாது, ஓரம் இடியாமல் கோடு நிற்கும். கடல் வற்றுகிற நேரமாகப் பார்த்து உங்கள் சார் பிள்ளைகளை அழைத்துப்போனது சும்மா இல்லை.

ஆனால் முறை நல்லதா என்று கலைக்களஞ்சியம் கேட்பதில்லை. அந்த முறையோடு சம்பந்தமில்லாத ஆட்கள், நம்பத்தக்க வெளியீட்டில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் கேட்கும். விக்கிப்பீடியாவில் இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள்.

நீங்கள் அனுப்பியதில் 9 தாள்கள். சாரே அச்சிட்ட கைப்புத்தகம், பள்ளி ஆண்டு மலரில் 2 கட்டுரைகள், பழைய மாணவர் ஒருவர் முகநூலில் எழுதியது. இந்த நான்கும் வீட்டு ஆட்கள் சொல்வது. பாடம் எப்படி நடக்கும் என்ற விவரத்துக்குக் கைப்புத்தகத்தை மேற்கோள் காட்டலாம், தகுதிக்குக் கணக்கில் வராது. விருதுச் செய்திகள் 2. பட்டியலில் சார் பெயர் இருக்கிறது, முறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாளிதழ்ச் செய்திகள் 2, இரண்டும் ஒரே வாசகம். பள்ளி கொடுத்த குறிப்பை அப்படியே போட்டிருக்கிறார்கள், அதனால் இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், அதுவும் பள்ளியின் சொல்லாகவே.

மிஞ்சுவது ஒரு எம்.எட். ஆய்வேடு. அதை எழுதியவர் வெளியூர்க்காரர், இரண்டு பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்து 6 பக்கம் எழுதியிருக்கிறார். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் திணறியது என்றுகூடக் குறித்திருக்கிறார். ஆனால் அச்சில் வராத முதுகலை ஆய்வேடு ஒன்றை மட்டும் நம்பித் தனிக்கட்டுரை நிற்காது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். இங்குள்ள பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். சட்டாம்பிள்ளை மாதிரி, பிள்ளையை வைத்தே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். லண்டன் திரும்பி 1797இல் அதை நூலாகவும் போட்டார். அதோடு நின்றிருந்தால் அவர் கதையும் உங்கள் சாரின் கைப்புத்தகக் கதைதான். லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் அதேபோன்ற முறையைக் கையில் எடுத்தார், யார் முதலில் செய்தது என்று பெரிய சண்டை நடந்தது. இங்கிலாந்துத் திருச்சபையினர் 1811இல் தொடங்கிய தேசியச் சங்கம் பெல் முறையில் பள்ளிகளை நடத்தியது. ஆதரித்தும் எதிர்த்தும் மற்றவர்கள் எழுதித் தள்ளினார்கள். பெல்லின் ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் கலைக்களஞ்சியம் ஏறியது அதனால்தான். அவருக்கு மணலைக் காட்டிய நம் வாத்தியாரின் பெயர் எங்கேயும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு தாங்காது. உங்கள் தவிப்பு புரிகிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

அதனால் இப்போதைக்குத் தனிக்கட்டுரை வேண்டாம். மணலில் எழுதும் வழக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பழைய நூல்களில் நிறையவே இருக்கிறது. அந்தத் தலைப்பில் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்ப்பதற்கென்று இருக்கும் பக்கத்தில், ஒரு வரைவு தொடங்குங்கள். நீங்கள் அதே பள்ளி என்பதால், சாரைப் பற்றிய வரிகளை நீங்களே சேர்க்காமல் கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் உங்களுக்கும் சாருக்கும் உள்ள உறவைச் சொல்லி, மற்றவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். மேற்கோள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை. பழைய தமிழ்க் கல்வி இதழ் ஒன்று நூலகத்தில் தூசி படிந்து கிடந்தாலும் செல்லும்.

அப்புறம், அந்த ஆய்வேடு எழுதியவரைத் தேடிப் பிடியுங்கள். அந்த 6 பக்கத்தை அவர் ஏதாவது ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். வெளியிட்டிருந்தால் இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.