ராணியின் முடி என்ன நிறம்? வரலாற்றுத் தொடர்களும் நடிகர் தேர்வும்

[திரையில்: ஓர் இரும்புக் கவசம். கேமரா அதை மெல்லச் சுற்றி வருகிறது.]

லண்டன் கோபுரத்தில் ஒரு கவசம் நிற்கிறது. 1540ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்காகச் செய்தது. ஓவியர் மன்னரைக் கொஞ்சம் மெலிய வைத்து வரையலாம். கவிஞர் இல்லாத அழகைப் பாடலாம். கவசம் செய்யும் கொல்லருக்கு அந்த வசதி கிடையாது; செய்தது உடம்பில் ஏற வேண்டுமே! இந்தக் கவசத்தின் இடுப்புச் சுற்றளவு 50 அங்குலத்தைத் தாண்டுகிறது.

இப்போது 2007 முதல் 2010 வரை ஒளிபரப்பான 'தி டியூடர்ஸ்' தொடருக்கு வாருங்கள். ஹென்றியாக நடித்தவர் ஜோனதன் ரீஸ் மேயர்ஸ். ஒடிசலான உடம்பு, கறுத்த முடி. உண்மையான ஹென்றிக்குச் செம்பட்டை முடி, ஆறடிக்கு மேல் உயரம். இளமையில் அவர் பேரழகர் என்பது உண்மைதான். 1515இல் அவரைப் பார்த்த வெனிஸ் தூதர் ஒருவர் மன்னரின் கெண்டைக்கால் அழகைக் கூட விடாமல் ஊருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். ஆகவே முதல் பருவத்தை மன்னித்துவிடலாம். ஆனால் நான்காவது பருவத்தில் 55 வயது ஹென்றி மரணத்தை நெருங்கும்போதும் அதே உடம்பு! முடி நரைத்தது, குரல் கரகரத்தது, தொப்பை மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

இதற்காக யாராவது கொடி பிடித்தார்களா? விமர்சகர்கள் சிலர் கேலி செய்தார்கள். அவ்வளவுதான்.

2021இல் அதே ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலினைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட ஒரு பிரிட்டிஷ் தொடர் வந்தது. ஆன் வேடத்தில் ஜோடி டர்னர் ஸ்மித் என்ற கறுப்பின நடிகை. தொடர் வெளிவருவதற்கு முன்பே சமூக வலைத்தளங்களில் சண்டை மூண்டுவிட்டது. 'வரலாற்றைத் திரிக்கிறார்கள்' என்றார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை எல்லாரிடமும் கேட்க வேண்டாமா?

[திரையில்: இளம் கேத்தரினின் ஓவியம்]

ஹென்றியின் முதல் மனைவி, அரகானைச் சேர்ந்த கேத்தரின். ஸ்பெயின் இளவரசி. திரையில் அவரை எப்படிக் காட்டுவார்கள்? பெரும்பாலும் கருங்கூந்தல், கறுத்த விழிகள். 'தி டியூடர்ஸ்' தொடரிலும் கருங்கூந்தல். 2015இல் வந்த 'வுல்ஃப் ஹால்', மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே பல காட்சிகளைப் படமெடுக்கும் அளவுக்கு நுணுக்கம் பார்த்த தொடர். அதிலும் கருங்கூந்தல்தான். உண்மையான கேத்தரினுக்குச் சிவப்பு கலந்த பொன்னிற முடி, வெளுத்த மேனி, நீலக் கண்கள். அவருடைய தாய் இசபெல்லாவின் பாட்டி ஓர் ஆங்கிலேய அரச குடும்பத்துப் பெண். லங்காஸ்டர் கேத்தரின் என்று பெயர். ஸ்பெயின்காரி என்றால் முடி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது, தொடர்கள் அதற்குத் தீனி போடுகின்றன. ஆக, 'இது வரலாறு மாதிரியே இல்லையே' என்று நாம் முகம் சுளிக்கும்போது, பாதி நேரம் நாம் சொல்ல வருவது, 'இதற்கு முன் பார்த்த தொடர் மாதிரி இல்லையே' என்பதைத்தான்.

முகம் பொருந்தாத பொய் ஒரு வகையில் நாணயமான பொய். திரையில் நிற்பது ஆன் பொலின் இல்லை, ஒரு நடிகை என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. எனக்கு உறுத்துவது கண்ணுக்குத் தெரியாத பொய்.

[திரையில்: வம்சாவளிப் படம். மார்கரெட், மேரி என்று இரண்டு பெயர்கள்.]

ஹென்றிக்கு இரண்டு சகோதரிகள். அக்கா மார்கரெட் 1503இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸை மணந்தார். தங்கை மேரி 1514இல், தம் 18ஆம் வயதில், 52 வயதான பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயிக்கு மனைவியானார். மூன்று மாதம் முடிவதற்குள் லூயி இறந்துபோனார். மேரி தம் மனத்துக்குப் பிடித்த சார்லஸ் பிராண்டனை ரகசியமாக மணந்துகொண்டார். எழுத்தாளர் எதையும் சேர்க்காமலே நாடகமாக ஓடக்கூடிய வாழ்க்கை!

'தி டியூடர்ஸ்' என்ன செய்தது தெரியுமா? இருவரையும் ஒருத்தியாக்கியது. பெயர் மார்கரெட், கதை ஏறக்குறைய மேரியுடையது. ஹென்றியின் மகள் பெயரும் மேரி என்பதால் பார்வையாளர் குழம்பக் கூடாதாம். மாப்பிள்ளை பிரான்ஸ் மன்னர் இல்லை, போர்ச்சுகல் மன்னர். அவரைப் புதுப்பெண்ணே தலையணையால் அழுத்திக் கொல்கிறாள்.

விளைவைக் கவனியுங்கள். 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஸ்டூவர்ட் மன்னர் ஜேம்ஸுக்கு, தாய்வழியிலும் தந்தைவழியிலும் கொள்ளுப்பாட்டி இந்த மார்கரெட்தான். அவரைத் துடைத்துவிட்டால் அடுத்த அரச வம்சத்துக்கே வேர் இல்லை. மேரியைத் துடைத்தால் 1553இல் ஒன்பது நாள் ராணியாக இருந்த ஜேன் கிரேவுக்குப் பாட்டி இல்லை. இதற்கு யாரும் கூச்சல் போடவில்லை. பார்த்தவர்களில் பலருக்கு ஒரு சகோதரி காணாமல் போனதே தெரியாது.

ஆட்களை ஒன்றாக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019இல் வந்த 'செர்னோபில்' தொடரில் உலானா கோம்யுக் என்று ஒரு விஞ்ஞானி வருவார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அணு உலை விபத்தை ஆராய்ந்த விஞ்ஞானி லெகசோவுடன் சேர்ந்து உழைத்த பல விஞ்ஞானிகளை ஒரே பெண்ணாகத் திரட்டியிருக்கிறார்கள். அதைத் தொடரின் முடிவில் எழுத்தில் போட்டு ஒப்புக்கொண்டும் விட்டார்கள். அதே தொடரில் ரஷ்யர்கள் பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் நாம் அதை மறந்துவிடுகிறோம். நாம் நம்பிவிடுவது வேறொன்றை. கடைசிப் பகுதியில் லெகசோவ் நீதிமன்றத்தில் நின்று விபத்தின் காரணத்தை விளக்குகிறாரே, அந்த வழக்கு விசாரணைக்கு உண்மையான லெகசோவ் போகவே இல்லை.

இரண்டாம் எலிசபெத் ராணியைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரின் விவகாரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'இது கற்பனை' என்று அறிவிப்புப் போடும்படி 2020இல் பிரிட்டன் அமைச்சர் ஒருவரே கேட்டார், நெட்ஃபிளிக்ஸ் மறுத்தது. ரஷ்யாவின் கேத்தரின் மகாராணியைப் பற்றிய 'தி கிரேட்' தொடருக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'அவ்வப்போது உண்மையான கதை' என்று தலைப்புக்குக் கீழேயே எழுதிவிட்டார்கள். குறும்புதான், ஆனால் நேர்மையான குறும்பு.

[திரையில்: 1813ஆம் ஆண்டு லண்டன் நடன அரங்கு]

'பிரிட்ஜர்டன்' தொடருக்கு வருவோம். 2020இல் தொடங்கியது. அதில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி ஷார்லட் ராணி கறுப்பினப் பெண். உண்மையான ஷார்லட்டின் முன்னோர்களில், பல தலைமுறைகளுக்கு முந்தைய ஒரு போர்ச்சுகீசியக் கிளை வழியாக ஆப்பிரிக்க ரத்தம் உண்டு என்று ஒரு வாதம் இருக்கிறது. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. அது கிடக்கட்டும். பட்டாடையில் யார் ஆடினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கதை சொல்லும் காரணம்தான் இடறுகிறது: மன்னர் ஒரு கறுப்பினப் பெண்ணைக் காதலித்து மணந்தார், நிறவெறி கரைந்தது என்கிறார்கள். கதை தொடங்குவது 1813இல். அடிமை வணிகத்தை பிரிட்டன் 1807இல் தடை செய்திருந்தாலும், அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. அந்த மாளிகைகளில் தேநீரில் கரைந்த சர்க்கரை கரீபியத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. நடிகர் தேர்வு தாராளமாக இருக்கலாம். அந்தத் தாராளத்துக்கு ஒரு பொய்யான காரணத்தை ஒட்டவைக்கும்போதுதான் வரலாற்றின் மீது கை வைக்கிறார்கள்.

'அந்தக் காலத்து அரண்மனையில் கறுப்பர்களே கிடையாது' என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

[திரையில்: 1511ஆம் ஆண்டு சுருள் ஓவியம். குதிரை மீது தலைப்பாகையுடன் ஒருவர்.]

ஹென்றிக்கு மகன் பிறந்ததைக் கொண்டாட 1511இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வீர விளையாட்டுகள் நடந்தன. அதை வரைந்த நீண்ட சுருள் ஓவியத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் எக்காளம் ஊதுகிறார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை வருகிறார். பெயர் ஜான் பிளாங்க். ஹென்றியின் தந்தை காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். கூலி நாளுக்கு 8 பென்ஸ். போதவில்லை என்று புதிய மன்னருக்கு மனுப் போட்டார். மற்ற எக்காளக்காரர் ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய சம்பளத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்டார். நாளுக்கு 16 பென்ஸ். மன்னர் கொடுத்தார்.

1512 ஜனவரியில் ஜான் பிளாங்குக்குத் திருமணம். ஊதா நிற அங்கி ஒன்றையும் தொப்பியையும் மன்னர் பரிசளிக்கச் சொன்ன உத்தரவு இருக்கிறது. மணப்பெண்ணின் பெயர் அதில் இல்லை. 1514ஆம் ஆண்டு எக்காளக்காரர்களின் பட்டியலில் அவருடைய பெயரும் இல்லை. அவரைப் பற்றி ஒரு தொடர் எடுக்க யாராவது முன்வந்தால், நடிகர் தேர்வில் சிக்கல் வராது. மனைவிக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.