பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்

நடுவர் அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் காதல் அணி நண்பர்களுக்கும், அரங்கில் கூடியிருக்கும் காமிக்ஸ் வாசகர்களுக்கும் வணக்கம்.

"வெஸ்டர்ன் காமிக்ஸில் சட்டத்தின் பக்கம் நிற்கும் நாயகனையும் கொள்ளைக்காரியையும் பிணைத்து வைப்பது காதலா, போட்டியா?" இதுதான் தலைப்பு. வெஸ்டர்ன் என்றால் பழைய அமெரிக்க மேற்கில் நடக்கும் கௌபாய்க் கதைகள். போட்டியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி, "கையில் துப்பாக்கி இருந்தும் அவன் அவளைச் சுடவில்லையே, அது காதல் இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்குக் கண்டிப்பாக வருகிறேன். அதற்கு முன் உங்களை மேசா சிட்டிக்கு ஒரு நடை கூட்டிப் போக வேண்டும்.

மேசா சிட்டி, டிசி காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் கற்பனை ஊர். அங்கே ஷெரிஃப், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, டேன் என்று ஒருவர். அவர் மகன் ஜான் டேன் பள்ளிக்கூட வாத்தியார். துப்பாக்கியைத் தொட மாட்டேன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவேன் என்று, சாகக் கிடந்த அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். ஆனால் ஊருக்கு ஆபத்து வந்தால் சும்மா இருக்க முடியுமா? முடியின் நிறத்தை மாற்றி, உடையை மாற்றி, ஜானி தண்டர் என்ற பெயரில் குதிரை ஏறுகிறான். 1948 ஆகஸ்டில், ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ் 100ஆம் இதழில், ராபர்ட் கானிகர் எழுத்திலும் அலெக்ஸ் டோத் ஓவியத்திலும் வந்தவன். இதில் என் மனதைத் தைப்பது ஒன்று உண்டு. ஷெரிஃப் அப்பாவுக்கு வாத்தியார் மகன் என்றால் இளக்காரம், ஜானி தண்டர் என்றால் அத்தனை பெருமை. இருவரும் ஒருவனே என்று அவருக்குத் தெரியாது. நட்சத்திர பேட்ஜ் அப்பாவின் நெஞ்சில்தான் இருக்கிறது. அந்த பேட்ஜின் வேலையைச் செய்கிறவன் மகன்.

இப்படிப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக அவன் ஓடிக்கொண்டிருந்தான். அவனை யார் என்று ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு ஈடுகொடுக்கிற பெண் என்று ஒருத்தி வந்து நிற்கவும் இல்லை. அப்புறம் 1961 பிப்ரவரி-மார்ச், ஆல் ஸ்டார் வெஸ்டர்ன் 117ஆம் இதழில் ஒருத்தி வருகிறாள். பெயரே .44 ரிவால்வரின் பெயர்: மேடம் .44. முகமூடிக்காரி, தேடப்படும் குற்றவாளி. ஆனால் அவள் கொள்ளையடிப்பது அயோக்கியர்களிடம் மட்டும். முகமூடியைக் கழற்றினால் ஜீன் வாக்கர், அதே ஊரின் புகைப்படக்காரி.

கவனியுங்கள். பகலில் வாத்தியாரும் புகைப்படக்காரியும். வேஷம் போட்டதும் ஜானி தண்டரும் மேடம் .44-உம். ஒரு முகத்துக்குள் இன்னொரு முகம், இரண்டு பேருக்கும். எதிரணி இதைக் காதல் நாடகம் என்கிறது. நான் கேட்கிறேன்: அந்த ஊரில் ஜானியைப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொருவர் யார்? பெற்ற அப்பாவுக்கே மகனைத் தெரியவில்லை. வேஷம் போட்டு வாழ்வது எவ்வளவு பாரம் என்று அறிந்தவள் அவனை எதிர்த்து வருகிற கொள்ளைக்காரி ஒருத்திதான். அந்த அறிதல் எங்கிருந்து வருகிறது? துரத்துவதிலிருந்து வருகிறது. தன்னைத் துரத்துகிறவன் எங்கே திரும்புவான், எப்போது தயங்குவான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். காதலிக்கு அது தெரிந்தால் நல்லது. எதிரிக்கு அது தெரியாவிட்டால் உயிர் போய்விடும்.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஏன் சுடவில்லை?

காரணம், 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட காமிக்ஸ் கோட். குற்றவாளிமேல் வாசகனுக்கு அனுதாபம் வரும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது, போலீசுக்கு மரியாதைக் குறைவு வரக் கூடாது, கடைசியில் நன்மையே ஜெயிக்க வேண்டும் என்பவை அதன் விதிகள். காதல் கதைக்கும் விதி உண்டு: குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். இந்த வேலிக்குள் நின்று கொள்ளைக்காரி ஒருத்தியை வாசகனுக்குப் பிடிக்க வைப்பது எவ்வளவு கடினம்! அதனால்தான் அவள் அயோக்கியர்களிடம் மட்டும் திருடுகிறாள் என்று நான் நினைக்கிறேன். சுட்டுத் தள்ள வேண்டிய குற்றம் எதையும் அவள் செய்யவே இல்லை. அவன் சுடாததற்குக் காதலைத் தேடிப் போக வேண்டியதில்லை, நியாயமே போதும்.

அந்தக் காதல் விதியை நீட்டிப் பார்த்தால் இன்னொன்றும் புரிகிறது. காதல் என்று வந்துவிட்டால் அது கல்யாணத்தில் போய் நிற்க வேண்டும். கல்யாணம் ஆனால் முகமூடி எதற்கு, குதிரை எதற்கு? நமக்கெல்லாம் பழக்கமான டெக்ஸ் வில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசியிலிருந்து தமிழில் வரும் அந்த இத்தாலிய காமிக்ஸின் ரேஞ்சர் நாயகனுக்கு லிலித் என்று நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்து மனைவி இருந்தாள். அம்மையில் இறந்துபோனாள். அந்தச் சோகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் அவன் குதிரைமேல் இருக்க வேண்டுமானால் வீட்டில் விளக்கேற்றி ஒருத்தி காத்திருக்கக் கூடாது என்று கதை முடிவு செய்துவிட்டது. காதலின் பெயரால் பெண்ணுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். பெல் ஸ்டார் என்று நிஜமான ஒருத்தி இருந்தாள், அமெரிக்காவின் மிசூரியில் 1848-இல் பிறந்தவள். 1883-இல் குதிரைத் திருட்டுக்காக ஃபோர்ட் ஸ்மித்தில் நீதிபதி ஐசக் பார்க்கர் அவளுக்குத் தண்டனை கொடுத்தார். 1889-இல் குதிரையில் வீடு திரும்பும்போது யாரோ சுட்டுக் கொன்றார்கள். யார் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. அதே ஆண்டு நியூயார்க்கில் மலிவுவிலைப் புத்தகம் போட்டு அவளைக் கொள்ளைக்கார ராணி ஆக்கிவிட்டார்கள். 1995-இல் லக்கி லூக் என்ற காமிக்ஸ் கௌபாயும் அவளை எதிர்கொண்டார். நூறு வருடம் கழித்தும் காமிக்ஸ்காரர்கள் அவளைத் தேடிப் போனது அவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அல்ல. சட்டத்துக்கு எதிரே குதிரையில் உட்கார்ந்திருந்தாளே, அதற்காக.

வெறும் காதலை வைத்தே வெஸ்டர்ன் ஓட்டிப் பார்க்காமலும் இல்லை. 1949-இல் வெஸ்டர்ன் லவ், ரியல் வெஸ்ட் ரொமான்ஸஸ் என்று தனி இதழ்களே வந்தன. இரண்டும் 1950-ஐத் தாண்டவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நானும் அக்காவும் காமிக்ஸ் படித்துவிட்டு மொட்டைமாடியில் கௌபாய் ஆட்டம் ஆடுவோம். நான் எப்போதும் ஷெரிஃப். சோடா மூடியைத் தட்டையாக்கி, ஊக்கு வைத்துச் சட்டையில் குத்திக்கொள்வேன். அக்காவை ஷெரிஃபின் காதலியாக இருக்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே கட்டிக்கொண்டு வந்து, "இனிமே நான் கொள்ளைக்காரி" என்றாள். அன்றைக்கு இருட்டும்வரை ஆடினோம். ஒருமுறை அவள் பின்னலை எட்டிப் பிடித்துவிட்டேன். அவள் திரும்பிச் சொன்னாள்: "பிடிச்சிட்டா ஆட்டம் முடிஞ்சிடும்டா. விடு, திரும்பத் துரத்து."

நடுவர் அவர்கள் மணியைத் தொடுவது தெரிகிறது. ஒரே நிமிடம்.

ஆல் ஸ்டார் வெஸ்டர்ன் 1961-இலேயே 119ஆம் இதழோடு நின்றுபோனது. மேடம் .44 வந்து மூன்றாவது இதழ் அது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே வாசகர்கள் காத்திருந்தார்கள். 1980 டிசம்பரில், டிசி காமிக்ஸ் பிரசென்ட்ஸ் 28ஆம் இதழின் ஒரு துணைக்கதையில், ஜானியும் ஜீனும் ஒருவரை ஒருவர் யாரென்று அறிந்து மணந்துகொண்டதாகச் சொன்னார்கள். எதிரணி அந்தக் கல்யாணப் பத்திரிகையைத்தான் இங்கே ஆதாரமாக நீட்டியது. நான் மறுக்கவில்லை. அந்த ஜோடியை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் பத்தொன்பது வருடம் கழித்தும் அந்த இரண்டு பேரை மறக்காமல் ஒருவர் பேனாவை எடுத்தாரே, அவர் நெஞ்சில் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது கல்யாணமா, மேசா சிட்டிக்கு வெளியே புழுதி பறக்க ஒன்றை ஒன்று முந்திய இரண்டு குதிரைகளா? நன்றி, வணக்கம்.