திட்டமா, மாற்ற இடம் விட்ட வடிவமைப்பா? – எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கிற நாகர்கோவில் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நாளைக்கு என்ன வரும் என்று தெரியாத காலத்தில் நம்மைக் காப்பது முன்கூட்டிப் போட்ட திட்டமா, மாற்ற இடம் விட்ட வடிவமைப்பா? தலைப்பு இதுதான். நான் இரண்டாவது கட்சி.

எதிரணித் தலைவர், பள்ளத்தாக்குக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். 115 அடி உயரம், தெம்பு உள்ளவர்தான். கூடவே 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. இரண்டுமே அருமையான திட்டங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஐயா, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பதில் அன்றைக்கும் யாருக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. மாறாத ஒன்றை நம்பிப் போட்டதால் அது நிற்கிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற வயல் நின்றதா? நாஞ்சில் நாட்டில் நெல் விளைந்த எத்தனையோ இடத்தில் இன்று வாழை, தென்னை, அப்புறம் கல் நட்ட வீட்டுமனை!

மணக்குடிக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி அங்கே கான்கிரீட் பாலத்தையே பெயர்த்துப் போட்டது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் போக்குவரத்து அறுந்தது. அப்போது ராணுவத்தினர் வந்து போட்டது பெய்லி பாலம். இரண்டாம் உலகப்போரில் டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது. எந்த ஆறு, எவ்வளவு அகலம், எந்தப் பாலம் உடையும் என்று எதுவுமே அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதையே கணக்கில் வைத்து, ஆறு பேர் தூக்கக்கூடிய இரும்புச் சட்டங்களாகப் பிரித்து, கிரேன் இல்லாமலே ஒரு கரையில் பூட்டி மறுகரைக்குத் தள்ளிவிடுகிற மாதிரி செய்தார். அவர் மணக்குடி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா? ஆனாலும் அவருடைய பாலம் இங்கே வேலை செய்தது.

ஓகி புயலைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் யாரும் மேடை இறங்க முடியாது. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் நடுக்கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய்விட்டன. கரையில் எச்சரிக்கை இருந்தது, நடுக்கடலில் இருந்தவனுக்கு அதைக் கொண்டு சேர்க்க வழி இல்லை, செல்போன் சிக்னல் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். மீன்பிடிப்பவன் சாயங்காலம் கரை திரும்பிவிடுவான் என்று யாரோ மேசையில் உட்கார்ந்து நினைத்துப் போட்ட ஏற்பாடு போல இருந்தது அது. அப்புறம் 2019-ல் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்குகிற ஜெமினி கருவி வந்தது. நல்லதுதான், ஆனால் கேட்க மட்டும்தான் முடியும், "நாங்கள் இங்கே மாட்டிக்கொண்டோம்" என்று திருப்பிச் சொல்ல முடியாது. இருபுறமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டரைப் படகில் பொருத்தத் தொடங்கியது அதற்கும் பிறகு. குறையைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள் பாருங்கள், அதைத்தான் நாங்கள் கேட்கிறோம். முதலிலேயே ஒரு படகோட்டியைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இவ்வளவு வருடம் ஆகியிருக்காது என்பது என் கட்சி.

"அப்படியானால் திட்டமே வேண்டாமா?" என்று நடுவர் முறைக்கிறார். வேண்டும் ஐயா, வரைந்த கோட்டை அழிக்க ஒரு ரப்பரும் கூட வேண்டும் (ரப்பருக்கு நம்ம ஊரில் பஞ்சமா!). 2016-ல் நம்ம மாவட்டத்துக் கடற்கரை ஊரான இனயத்தில் துறைமுகம் என்று மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்த்தப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு. துறைமுகம் நல்லதா கெட்டதா என்பது வேறு மேடைக்கு. கடற்கரைக்காரனிடம் எப்போது கேட்டார்கள் என்பதுதான் இந்த மேடைக்கு.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அம்மா ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். உங்கள் திட்டம் தப்பாகப் போகிறது என்று முதலில் யாருக்குத் தெரியவரும், அந்த ஆள் சொன்னால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள்? மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன்.