கடனில் பிறந்த தபால்

எல்லாருக்கும் வணக்கம். தபாலின் வரலாறு என்று தலைப்புக் கொடுத்தார்கள். அது கடல். அதனால் ஒரே ஓர் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்: செபஸ்தியானோ மொன்டெலூபி. பிறந்தது 1516-இல், ஃபுளோரன்ஸைச் சேர்ந்தவர். கடை போட்டது போலந்தின் அன்றைய தலைநகர் கிராக்கோவில். வியாபாரம், வட்டித் தொழில், அதோடு அரசருடைய தபால் அதிபர் பதவி.

ஒரு வியாபாரியிடம் ஏன் அரசர் தபாலைக் கொடுத்தார்? அதற்கு ஒரு கடன் கதையைச் சொல்ல வேண்டும்.

போலந்து அரசர் சிகிஸ்முண்ட் அகஸ்டின் தாய் போனா ஸ்ஃபோர்சா, மகனோடு மனத்தாங்கல் ஏற்பட்டுத் தன் சொந்த நாடான இத்தாலிக்குத் திரும்பிப் போனார். சும்மா போகவில்லை, பெரும் செல்வத்தோடு போனார். அங்கே ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு 4,30,000 டுகாட் (அன்றைய தங்கக் காசு) கடன் கொடுத்தார். 1557 நவம்பரில் பாரி நகரில் இறந்தார். கூட இருந்தவரே விஷம் வைத்ததாகப் பலரும் நம்புகிறார்கள். சாவுப் படுக்கையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில், அவருக்குச் சொந்தமான பாரியைப் பிலிப்புக்கே கொடுத்தது! மகன் விடுவாரா? தூதர்கள், வழக்கு, பேச்சுவார்த்தை என்று கிளம்பியது. கிராக்கோவில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியில் சொத்து வழக்கு நடத்த வேண்டுமானால் கடிதம் வேகமாகப் போய்வர வேண்டும்.

1558 அக்டோபர் 18 அன்று அரசர் கிராக்கோவிலிருந்து வியன்னா வழியாக வெனிஸுக்கு நிரந்தரக் குதிரைத் தபாலை ஏற்படுத்தினார். பொறுப்பு, கிராக்கோவில் இருந்த புரொஸ்பெரோ ப்ரோவானா என்ற இத்தாலிய வியாபாரிக்கு. ஆண்டுக்கு 1,500 தாலர் (அன்றைய வெள்ளிக் காசு) சம்பளம். போலந்துத் தபால் துறை இன்றும் அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. கடன் பாக்கி மட்டும் கடைசிவரை முழுதாக வசூலாகவில்லை!

1562-இல் பொறுப்பு டாக்ஸிஸ் குடும்பத்துக்குப் போனது. ஐரோப்பாவில் பாதித் தபால் அவர்கள் கையில்தான் இருந்தது. இங்கே இரண்டே ஆண்டில் கிளம்ப வேண்டியதாயிற்று. பிறகு மாஃபோன் என்ற இன்னோர் இத்தாலியர் வந்தார், போனார். 1568-இல் மொன்டெலூபி வந்தார்.

வெனிஸில் பட்டு என்ன விலை, எந்த உண்டியல் (பணம் தருவதாக எழுதிய வியாபாரச் சீட்டு) எப்போது பணமாகும், யார் திவாலாகப்போகிறார் என்பது வியாபாரிக்குச் சோற்றுப் பிரச்சினை. அரசருக்குக் கடிதம் எப்போதாவது அவசரம், வியாபாரிக்கு எப்போதுமே அவசரம். வழியிலுள்ள ஊர்களில் தொடர்பும் அவருக்கு உண்டு, குதிரைக்கும் ஆளுக்கும் முன்பணம் போடும் வசதியும் உண்டு. அரண்மனைக் கடிதம் போகும் பையிலேயே, கட்டணம் கொடுத்தவர்களின் கடிதமும் போனது.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்று 1572-இல் தெரிந்தது. அரசர் வாரிசில்லாமல் இறந்தார். அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரெஞ்சு இளவரசர் ஹென்றி, பிரான்ஸ் அரசரான அண்ணன் செத்த செய்தி வந்ததும் இரவோடு இரவாகப் பிரான்ஸுக்குக் கிளம்பி ஓடிவிட்டார். அரியணையே காலி! ஆனால் தபால் நிற்கவில்லை. மொன்டெலூபி அதைத் தன் சொந்தத் தொழிலாகவே நடத்தினார். சம்பளத்தை மட்டும் நம்பிய அதிகாரியாக இருந்திருந்தால் குதிரைகளை விற்றுவிட்டுப் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அரசராக வந்த ஸ்டீபன் பாத்தோரி 1583-இல் அவரிடமே மறுபடி பொறுப்பைக் கொடுத்தார். அப்போதுதான் நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு கடிதத்துக்கு 4 குரோஷ் (போலந்துச் சில்லறைக் காசு) என்று ஒரே கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் இதே போலத் தூரம் பார்க்காத ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னி தபால் வந்தது 1840-இல்தான். ஹில்லின் புகழைக் குறைக்கவில்லை, ஆனால் இந்த 4 குரோஷைப் பாடப் புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மொன்டெலூபி 1600-இல் இறந்தார். கிராக்கோவின் பெரிய சந்தைச் சதுக்கத்தில் 7-ஆம் எண் கட்டடம் அவருடைய குடும்பத்து வீடு, தபாலும் அங்கிருந்துதான் நடந்தது. அவருக்குப் பின் உறவினர் வலேரியோ கடையையும் தபாலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.