மஞ்சள் கோப்பை

வணக்கம் மக்களே. நேற்று ராத்திரி என் கதையில் ஒரே ஒரு வரியை அடித்து நீக்கினேன். "அவன் முடிவெடுத்தான்" என்ற வரி. தற்கொலையைப் பற்றிய கதை அது. மனம் சரியில்லாமல் இருப்பவர்கள் இந்த வீடியோவை இன்னொரு நாள் பார்க்கலாம், தப்பில்லை.

தமிழில் தீர்மானமும் முடிவுதான், கடைசியும் முடிவுதான். செய்தியில் 'விபரீத முடிவு' என்றே போடுகிறார்கள், ஏதோ உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்து எடுத்த மாதிரி. சிங்கப்பூர்ச் சட்டமும் அதைத் தண்டிக்கவேண்டிய செயலாகத்தான் பார்த்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் தற்கொலை முயற்சி குற்றமில்லை என்றானது.

சரி, அந்த வரிக்குப் பதிலாக "மூளையில் செரோட்டோனின் வற்றிவிட்டது" என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. முன்பு விதி என்று எழுதிய இடத்தில் இப்போது ஒரு ரசாயனத்தின் பெயர், அவ்வளவுதான். மனச்சோர்வுக்கு செரோட்டோனின் குறைவு ஒன்றே காரணம் என்று அறிவியல் நிரூபிக்கவும் இல்லை. மருந்து பலருக்கு உதவுகிறது. ஆனால் மனம் தேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இது பழைய வழக்கு. 1774இல் வந்த ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவலில் நாயகன் வெர்தர் இதையேதான் வாதாடுகிறான்: கடுங்காய்ச்சலில் செத்தவனை யாராவது கோழை என்பார்களா? அந்த ஒப்புமை எனக்குப் பாதிதான் ஏற்பு. பேசிப் பேசிக் காய்ச்சலை இறக்க முடியாது. இந்த வேதனையில் இருப்பவரின் காதில் பேச்சு விழும்.

தேக்காவில் கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் ஓர் அக்கா, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தன் கதையைச் சொன்னார். "அந்த ராத்திரி வேறு வழியே கண்ணில் படவில்லை தம்பி. அப்போது மகள் தண்ணீர் கேட்டாள். எழுந்து போய், வெந்நீர் கலந்து, அவளுக்குப் பிடித்த மஞ்சள் கோப்பையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்."

எந்தக் கோப்பை என்று தேடியிருக்கிறார், பாருங்கள். அப்புறம் தங்கைக்கு போன் செய்தாராம். அழைக்க ஆள் இல்லை என்று தோன்றினால், சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் எண் 1767, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

என் கதையில் அந்த வரி இருந்த இடம் இன்னும் காலிதான். இப்போதைக்கு அவன் சமையலறையில் நிற்கிறான். குழாயில் தண்ணீர் ஓடுகிறது. உள்ளறையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.